உப்பு ஜாடிக்குள் ஒரு குடும்பம்

உப்பு, பற்பசை, பிளீச்சிங் பவுடர், புண்ணுக்குத் தடவும் அந்தப் பழுப்பு மருந்து, இந்த நான்குக்கும் உறவுமுறை உண்டு என்றால் நம்புவீர்களா? பத்தாவது படிக்கும் என் பெண்ணிடம் பாடம் ஒப்பிக்கக் கேட்ட சாக்கில்தான் எனக்கே தெரிந்தது. ஃப்ளோரின், குளோரின், புரோமின், அயோடின் என்று வரிசையாக ஒரு குடும்பம். ஹாலஜன் என்று பெயர். தமிழில் உப்பீனி, அதாவது உப்பைப் பெற்றெடுப்பது. என்ன அழகான பெயர், பாருங்கள்! (இன்னும் ஓரிரு தங்கைகள் உண்டு, அவர்கள் நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை.)

இவர்கள் எல்லோருக்கும் ஒரே குறைதான். வெளிவட்டத்தில் ஏழு எலெக்ட்ரான், எட்டானால்தான் நிம்மதி. அந்த ஒன்றை யாரிடமாவது பிடுங்கிக்கொள்ளத் துடிக்கிறார்கள். ஃப்ளோரின் மூத்தவளானாலும் உருவில் குட்டி. பிடியோ இரும்புப் பிடி. அவளைத் தனியே பிரித்தெடுக்க 1886 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரான்சில் ஆன்ரி முவாஸான் என்பவர் சாதித்தார். அடுத்தவள் குளோரின், பச்சையும் மஞ்சளுமான வாயு. புரோமின் செம்பழுப்புத் திரவம். அயோடின் கருநிறத் திடப்பொருள். சூடு காட்டினால் ஊதா ஆவி. கீழே போகப் போக உருவம் பெருக்கிறது, வேகம் தணிகிறது. அயோடைடு கரைசலில் குளோரினை விட்டால், அயோடினை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளுமாம்!

"ஏம்மா, இவ்வளவு பொல்லாததையா பல்லுல தேய்க்கிறோம்?" என்றாள் பெண். நியாயமான கேள்விதான். பசித்தவனுக்கும் சாப்பிட்டு எழுந்தவனுக்கும் உள்ள வித்தியாசம் என்று சொன்னேன். எலெக்ட்ரான் கிடைத்ததும் ஃப்ளோரின் ஃப்ளோரைடாகிவிடுகிறது, குளோரின் குளோரைடாகிவிடுகிறது. 1915-ல் பெல்ஜியப் போர்முனையில் சிப்பாய்களை மூச்சுமுட்டக் கொன்ற அதே குளோரின்தான், சோடியத்தோடு சேர்ந்து நம் ரசத்துக்கு ருசி தருகிறது.

ஆனால் பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரினுக்கு அரைவயிறுதான் நிரம்பியிருக்கிறது. ஆசிட் பட்டால் போதும், வாயுவாகக் கிளம்பிவிடும். எங்கள் குடியிருப்பில் ஒரு பெண், கறை போகவில்லையே என்று பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்திலேயே ஆசிட்டையும் ஊற்றியிருக்கிறாள். கதவு வேறு சாத்தியிருந்தது. ஒரே இருமல், கண்ணெல்லாம் எரிச்சல். நல்லவேளையாக வெளியே ஓடி வந்துவிட்டாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். "பளிச்சுனு ஆகட்டுமேன்னுதான் ரெண்டையும் போட்டேன்க்கா" என்றாள். அவளைச் சொல்லி என்ன பயன்? அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வினிகரும் எலுமிச்சையும்கூட ஆசிட் வகைதான், சகோதரிகளே. அம்மோனியா கலந்த கிளீனரும் சேரக்கூடாது. அதிலிருந்து வேறு விதமான நச்சுவாயு கிளம்பும். தப்பித் தவறிக் கலந்துவிட்டால், கழுவிவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காற்றோட்டமான இடத்துக்கு வந்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் உடனே டாக்டரிடம் போங்கள்.

புரோமினுக்கு நம் வீட்டில் அதிக வேலையில்லை. அயோடின் அப்படியல்ல. தைராய்டு சுரப்பிக்கு அதுதான் ஆகாரம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். கர்ப்பிணிகளுக்கு 250 வேண்டும். வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சியே அதை நம்பியிருக்கிறது. நம் கைக்கு வரும்போது ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அடுப்புப் பக்கத்தில் மூடாமல் வைத்தால் அது குறைந்துகொண்டே போகும். இறுக மூடிய ஜாடியில் வையுங்கள். பண்டம் வெந்து இறக்கும் தருவாயில் உப்புப் போடுங்கள். கல் உப்புதான் வாங்குவேன் என்பவர்கள், பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஃப்ளோரைடோ அளவோடு இருந்தால் பல்லுக்குக் காவல், மிஞ்சினால் பல்லில் கறை, எலும்பில் வலி. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் இது அதிகம். அதற்காகவே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர்தான் சுண்டும், ஃப்ளோரைடு அப்படியே நிற்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் குடிப்பவர்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. பற்பசையை மூன்று வயதுக்குள் அரிசியளவும், ஆறு வயது வரை பட்டாணியளவும் பிரஷ்ஷில் வைத்தால் போதும். குழந்தை அதை விழுங்காமல் துப்புகிறதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள்.