கணக்கில் ஒன்று

ஜெபமாலையில் 53 அருள்நிறை மந்திரம்தான் உண்டு. தூத்துக்குடியில் என் பாட்டி தினமும் 54 சொல்வாள். கேட்டால், “கணக்குத் தப்பிப்போச்சுலே” என்பாள். எட்டுப் பிள்ளைகள், 21 பேரப்பிள்ளைகளின் பிறந்த நாளை மறவாதவளுக்கா கணக்குத் தப்பும்!

அம்மா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. 1944-ல், ஞானஸ்நானத் தண்ணீர் படுமுன்பே போய்விட்ட சிசுவை, மந்திரித்த மண்ணுக்கு வெளியே புதைத்தார்களாம். அதற்கு மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை என்று அவளிடம் சொன்ன புண்ணியவான்கள் உண்டு.

அத்தகைய குழந்தைகளுக்கும் மீட்பு உண்டென்று நம்ப இடமிருக்கிறது என்று வத்திக்கானின் இறையியல் குழு ஒன்று 2007-ல் சொன்னது. பத்திரிகையில் வந்ததைப் படித்துக் காட்டினேன். 86 வயதுப் பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“மாதா அவனை என்னைக்கோ எடுத்துக்கிட்டா. இவங்களுக்குத்தான் சேதி இப்ப வந்திருக்கு” என்றாள்.

அன்றிரவு ஜெபத்தின்போது எண்ணிப் பார்த்தேன். 54.