பாறையிலிருந்து டம்ளருக்கு

பெங்களூர் நகரம் உட்கார்ந்திருக்கும் பழம்பாறையில் யுரேனியம் உண்டு. பாறைக்குள் கிடந்தவரை அதனால் யாருக்கும் தொல்லை இல்லை. ஆழ்துளைக் கிணறுகள் நிலைமையை மாற்றிவருகின்றன.

லால்பாக் குன்றின் மேல் ஏறுபவர்கள் உச்சியில் நிற்கும் கெம்பே கவுடா கோபுரத்தைப் பார்க்கிறார்கள். அங்கிருந்து நாலா பக்கமும் விரியும் நகரத்தைப் பார்க்கிறார்கள். காலடியில் இருக்கும் பாறையை ஏறிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. 1760இல் ஹைதர் அலி இங்கே தோட்டம் போடத் தொடங்குவதற்கு முன்பே, கெம்பே கவுடா நகரத்துக்கு எல்லை வகுப்பதற்கு முன்பே, ஏன், பூமியில் புல் பூண்டு முளைப்பதற்கு வெகு காலம் முன்பே அது அங்கே இருந்தது. அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துக் கல்வெட்டும் வைத்திருக்கிறது.

வெள்ளையும் சாம்பலுமாக, மடித்து வைத்த சேலையின் கரை போல வரி வரியாக ஓடும் இந்தப் பாறைக்குத் 'தீபகற்ப நைஸ்' என்று பெயர். மைசூர் சமஸ்தானத்தின் நிலவியல் துறைக்குத் தலைமை வகித்த டபிள்யூ.எஃப். ஸ்மீத் இட்ட பெயர் இது. லால்பாகில் தலைகாட்டுவது அதன் ஒரு சிறு முதுகு மட்டுமே. விதான சௌதாவுக்கும் மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்கும் எலக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்களுக்கும் அடியில் கிடப்பது இதே இனத்துப் பாறைதான். மேலே சில அடி செம்மண், அதற்குக் கீழே மக்கிய கல், அதற்கும் கீழே இந்தக் கடினப் பாறை.

மைசூர் போகும் வழியில் ராமநகரத்தில் தென்படும் குன்றுகள் இதற்கு இளையவை. 'ஷோலே' படத்தில் கப்பர் சிங் குடியிருந்த அந்தப் பாறைகளுக்கு 250 கோடி வயதுதான். ஊருக்கு முன்பு இருந்த பெயரால் அவற்றை 'குளோஸ்பேட் கிரானைட்' என்கிறார்கள். வடக்கே சுமார் 400 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பாறைத் தொடர் போகிறது.

நைஸ், கிரானைட் ஆகிய இரண்டு வகைப் பாறைக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. இரண்டிலும் யுரேனியம் இருக்கிறது. காரணம் எளிது. பூமியின் ஆழத்தில் உருகிய கற்குழம்பு ஆறி இறுகும்போது சாதாரணக் கனிமங்கள் முதலில் உருவாகின்றன. யுரேனிய அணு பெரியது, அவற்றின் கட்டமைப்புக்குள் அது நுழைய முடியாது. பந்தியில் இடம் கிடைக்காதவரைப் போல அது கடைசிக் குழம்பில் ஒதுங்கி நிற்கிறது. அந்தக் கடைசிக் குழம்பு இறுகியதுதான் கிரானைட். உலகெங்கும் கிரானைட் வகைப் பாறைகளில் ஒரு டன்னுக்கு மூன்று, நான்கு கிராம் யுரேனியம் இருப்பது சகஜம்.

இந்தச் சில கிராம்களும் பல இடங்களில் பதுங்கியிருக்கின்றன. ஒரு பகுதி சிர்க்கான், மோனசைட் போன்ற கெட்டியான கனிமங்களுக்குள் பூட்டிக் கிடக்கும். இன்னொரு பகுதி கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளாக, யுரேனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு கனிமமாகவே இருக்கும். அதன் பெயர் யுரேனினைட்.

அந்த மணி பெரிதாக வளர்ந்த இடங்களில் அதன் குணங்களைக் கண்ணால் பார்க்கலாம். கறுப்பு நிறம், தார் பூசியது போன்ற மினுமினுப்பு. கையில் எடுத்தால் கனம் ஆச்சரியப்பட வைக்கும்: சுத்தமான மணி, அதே அளவு தண்ணீரைப் போலப் பத்து மடங்கு எடை இருக்கும். எடையில் 88 சதவீதம் வரை யுரேனியம். படிக வடிவம் இல்லாமல் திராட்சைக் கொத்து போலத் திரண்டிருந்தால் அதற்குப் பிட்ச்பிளெண்ட் என்று பெயர். ஜெர்மன் சுரங்கத் தொழிலாளிகள் வைத்த இந்தப் பெயரில் உள்ள 'பெக்' என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியில் தார் என்றும் பொருள் உண்டு, துரதிர்ஷ்டம் என்றும் பொருள் உண்டு.

1789இல் மார்ட்டின் கிளாப்ரோத் இந்தக் கனிமத்திலிருந்துதான் புதிய தனிமம் ஒன்றைக் கண்டறிந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பெயரை அதற்கு வைத்தார். 1898இல் மேரி கியூரியும் பியர் கியூரியும் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டதும் இதே கறுப்புக் கல்லில். இதற்கு நெருங்கிய உறவுக் கனிமம் ஒன்றும் உண்டு. யுரேனியத்தைவிடத் தோரியம் மிகுந்த தோரியனைட். 1904இல் இலங்கையில் அதை உலகறியச் செய்ததில், அங்கே கனிம ஆய்வுத் துறையின் தலைவராக இருந்த ஆனந்த குமாரசாமிக்குப் பங்கு உண்டு. பின்னாளில் இந்தியக் கலைக்கு உரை சொன்ன அதே குமாரசாமிதான்.

யுரேனினைட் தன்னைத் தானே மாற்றிக்கொண்டே இருக்கும் கனிமம். அதிலுள்ள யுரேனியம் கதிர் வீசித் தேய்ந்து, ரேடியம், ரேடான் எனப் பல படிகள் இறங்கிக் கடைசியில் ஈயமாகிறது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், லால்பாக் பாறை உருவானபோது அதிலிருந்த யுரேனியம் 238இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்நேரம் ஈயமாகியிருக்கும். பாறைகளின் வயதை விஞ்ஞானிகள் சொல்வதே, கனிமங்களில் மிஞ்சிய யுரேனியத்தையும் சேர்ந்த ஈயத்தையும் ஒப்பிட்டுத்தான்.

இந்தக் கறுப்புக் கல்லைத் தேடுவதையே தொழிலாகக் கொண்ட மத்திய அரசு அலுவலகம் ஒன்றும் பெங்களூரில் இருக்கிறது. நாகரபாவியில் உள்ளது அணுக் கனிம இயக்குநரகத்தின் தென் மண்டல அலுவலகம். 1949இல் சிறு பிரிவாகத் தொடங்கிய இந்த நிறுவனத்தின் தலைமையகம் ஹைதராபாத்தில். இவர்கள் தேடுவது டன்னுக்கு மூன்று கிராம் உள்ள பாறையை அல்ல. பூமிக்குள் ஓடிய வெந்நீர் யுரேனியத்தைக் கரைத்து வந்து ஓரிடத்தில் குவித்து வைத்த இடங்களை. கர்நாடகத்தில் அப்படி ஓர் இடம் யாதகிரி மாவட்டத்தில் உள்ள கோகி. அங்கே சுண்ணாம்புக் கல்லிலும் அடியிலுள்ள கிரானைட்டிலும் பிட்ச்பிளெண்ட் இழையோடுகிறது. ஆந்திரத்தின் தும்மலப்பள்ளியிலும் ஜார்க்கண்டின் ஜாதுகுடாவிலும் சுரங்கங்களே இருக்கின்றன. அங்கேகூட வெட்டி எடுக்கும் தாதுவில் யுரேனியம் 0.1 சதவீதத்துக்கும் குறைவு.

ஆகவே லால்பாக் பாறை மேல் உட்கார்ந்து கடலை கொறிப்பவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. யுரேனியம் வீசும் ஆல்ஃபா கதிர் ஒரு தாளைக்கூடத் துளைக்காது. இந்த மண்ணில் மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறார்கள். கல்லின் மேல் வாழ்வதில் சிக்கல் இல்லை, கல்லுக்குள்ளிருந்து தண்ணீர் எடுத்துக் குடிப்பதில்தான் சிக்கல்.

அதற்குக் காரணம் யுரேனினைட்டின் இன்னொரு குணம். காற்றுப் படாத ஆழத்தில் இருக்கும்வரை அது தண்ணீரில் அநேகமாகக் கரையாது. கோடிக்கணக்கான ஆண்டுகள் நனைந்து கிடந்தாலும் கல்லாகவே இருக்கும். ஆக்சிஜன் கலந்த நீர் அதைத் தொட்டுவிட்டால் கதை வேறு. யுரேனிய அணு இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. தண்ணீரில் பைகார்பனேட் உப்பு இருந்தால் அதோடு ஒட்டிக்கொண்டு நெடுந்தூரம் பயணம் செய்கிறது. தக்காண பூமியின் கிணற்று நீரில் பைகார்பனேட்டுக்குப் பஞ்சமே இல்லை.

இனி பெங்களூரின் தாகத்தைப் பார்க்க வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கும் இந்த நகரத்துக்குப் பெரிய ஆறு கிடையாது. பழைய பெங்களூர் ஏரிகளையும் திறந்த கிணறுகளையும் நம்பி வாழ்ந்தது. 1894இல் ஹெசரகட்டா, 1933இல் திப்பகொண்டனஹள்ளி, 1974இல் காவிரி என்று குழாய்த் தண்ணீர் படிப்படியாக வந்தது. காவிரி நீரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு இறைத்துக் கொண்டு வருகிறார்கள். ஆனால் நகரம் குழாயைவிட வேகமாக ஓடியது. வொயிட்ஃபீல்டு, மகாதேவபுரா, சர்ஜாபூர் சாலை என்று புறநகரங்கள் முளைத்தபோது அவற்றைத் தாங்கியவை ஆழ்துளைக் கிணறுகளும் டேங்கர் லாரிகளும்தான்.

இந்தத் துளைகளைப் போட்டதில் தமிழ்நாட்டுக்கும் பெரும் பங்கு உண்டு. டிஎன் 34 எண் பலகையோடு வரும் திருச்செங்கோட்டு ரிக் லாரிகளுக்கு இந்தியா முழுவதும் வேலை. லாரி நின்று, கம்பம் நிமிர்ந்து, கம்ப்ரசர் உறுமத் தொடங்கினால் முதலில் செம்மண் பறக்கும். அப்புறம் மக்கிய கல்லின் மஞ்சள் தூள். பின்னர் மாவு போன்ற சாம்பல் தூள். அந்தத் தூள் வந்துவிட்டால் துளை கடினப் பாறைக்குள் போய்விட்டது என்று பொருள். ஒரு காலத்தில் சில நூறு அடியில் கிடைத்த தண்ணீரைத் தேடி இப்போது 1,000 அடி, 1,500 அடி என்று போகிறார்கள். அப்படிப் போயும் 2024 மார்ச்சில், நகரத்தில் உள்ள சுமார் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமார் சொன்னார். தன் வீட்டுக் கிணறும் அவற்றோடு சேர்ந்துவிட்டது என்றார். அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நகரத்தோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்கும் குழாய் நீர் தர வழி பிறந்தது.

ஆழமாகத் தோண்டும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. பாறையின் விரிசல்களில் நெடுங்காலம் தேங்கிக் கிடந்த தண்ணீர் மேலே வருகிறது. கல்லோடு எவ்வளவு காலம் உறவாடியதோ அவ்வளவுக்கு அது கல்லின் சரக்கைக் கரைத்து வைத்திருக்கும். இரண்டாவது, நீர்மட்டம் கீழே இறங்க இறங்க, நனைந்தே கிடந்த விரிசல்களுக்குள் காற்று புகுகிறது. அடுத்த மழை நீர் இறங்கும்போது யுரேனியம் கரையத் தயாராக இருக்கும். ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் 324 கிணறுகளின் நீரை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வும், பாறையின் தன்மையோடு நிலத்தடி நீரை மிதமிஞ்சி இறைப்பதும் சேர்ந்து சிக்கலைப் பெரிதாக்குகிறது என்றே சொன்னது.

பெங்களூருக்குப் பக்கத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. கோலார் என்றதும் தமிழர்களுக்குத் தங்கச் சுரங்கம் நினைவுக்கு வரும். வட ஆற்காட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போய் உழைத்த அந்தச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. வற்றாத ஆறு இல்லாத அந்த மாவட்டமும் சிக்கபள்ளாபூர், தும்கூர் போன்ற மாவட்டங்களும் ஆழ்துளைக் கிணறுகளையே நம்பியிருக்கின்றன. கிழக்குக் கர்நாடகத்தின் 73 கிராமங்களில் தண்ணீர் எடுத்துச் சோதித்த பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் திவேச்சா மையம், 57 கிராமங்களில் யுரேனியம் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டியிருப்பதாக 2021இல் தெரிவித்தது.

அந்த வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருந்த வரம்பு 60. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் பின்னர் 30ஐயே ஏற்றுக்கொண்டது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவுக்கு ஏன் கவலை? குடிநீரில் வரும் யுரேனியத்தைப் பொறுத்தவரை கதிர்வீச்சைவிட அதன் ரசாயன நச்சுத்தன்மைதான் முதல் கவலை. ஈயம், காட்மியம் போல அதுவும் ஒரு கன உலோகம். ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் முதலில் பாதிக்கப்படுவது சிறுநீரகம்.

பயந்து ஓடுவதற்கான செய்தி அல்ல இது. ஒரு கிணற்றில் அளவு மீறியிருக்கும். ஒரு பர்லாங் தள்ளி இன்னொரு கிணற்றில் சுத்தமாக இருக்கும். எந்த விரிசலிலிருந்து நீர் வருகிறது என்பதைப் பொறுத்தது அது. ஆனால் எது எது என்று கண்ணாலோ நாக்காலோ சொல்ல முடியாது. யுரேனியம் கலந்த நீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. உப்பின் அளவு காட்டும் பேனா போன்ற மீட்டரும் இதைக் காட்டாது. கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் என்று வழக்கமாகச் செய்யும் பரிசோதனைப் பட்டியலிலும் பெரும்பாலும் இது இருக்காது. தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும்.

கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட செறிவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. எந்திரம் யுரேனியத்தின் பெரும்பகுதியை நீக்கிவிடும். கர்நாடகக் கிராமங்களில் நாணயம் போட்டுக் குடம் நிரப்பிக்கொள்ளும் குடிநீர் நிலையங்கள் செய்வது அதைத்தான். ஆனால் நீக்கப்பட்டது மறைந்துவிடுவதில்லை. கழிவு நீரில் செறிந்து வெளியே ஓடுகிறது. எந்திரத்தின் சவ்வைக் காலாகாலத்தில் மாற்றாவிட்டால் சுத்தம் என்பது பெயருக்குத்தான். மழை நீரில் இந்தத் தொல்லை இல்லை. புதிதாகக் கட்டும் பெரிய வீடுகளுக்கு மழைநீர்ச் சேமிப்பைப் பெங்களூர் 2009இலேயே கட்டாயமாக்கிவிட்டது. கூரை நீரைத் தொட்டியில் சேர்த்து வடிகட்டிப் பயன்படுத்தும் வீடு, அந்த அளவுக்குப் பாறையிடம் கையேந்தத் தேவையில்லை.

கர்நாடகத்தில் ஆகட்டும், இதே வகைப் பாறை கிடக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் ஆகட்டும், ரிக் லாரி வேலையை முடித்துக் கிளம்பும்போது வீட்டுக்காரர் கேட்பது இரண்டே கேள்விகள்: எத்தனை அடி, எத்தனை இஞ்ச் தண்ணீர்? அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதையும் இனிமேல் கேட்டாக வேண்டும். அதற்குப் பதில் சொல்லும் வேலை லாரிக்காரருடையது அல்ல, பரிசோதனைக் கூடத்துடையது. ஒரு பாட்டில் தண்ணீரை அங்கே கொடுத்து, யுரேனியத்தையும் பாருங்கள் என்று சொல்ல வேண்டும்.