கோட்டைக்குள் ஒரு தேவாலயம்

திருச்சி என்றதும் மலைக்கோட்டையும் திருவரங்கமும் எவருக்கும் நினைவில் எழும். அம்மலையடியில், தெப்பக்குளத்திற்கு அருகே, கடைவீதியின் இரைச்சலுக்கு நடுவே ஓர் எளிய தேவாலயம் நிற்பதை அறிந்தோர் சிலரே. ஜீயபுரத்தில் ரயிலேறி நாள்தோறும் கோட்டை நிலையத்தில் இறங்கும் நானும், வரலாற்றுத்துறைப் பேராசிரியர் எங்களை அழைத்துச் சென்ற அன்றுதான் முதன்முதலாக அதனுள்ளே சென்றேன்.

ஜெர்மானியரான சுவார்ட்ஸ் பாதிரியார் 1766இல் எழுப்பிய கிறிஸ்து ஆலயம் அது. தமிழ் கற்றுத் தமிழரிடையே வாழ்ந்தவர். 1779இல் ஐதர் அலியிடம் தூது போகக் கும்பினியார் தேர்ந்தெடுத்ததும் இவரைத்தான்.

ஆயினும் என் மனத்தைப் பிடித்துக்கொண்டவர் கல்கத்தாப் பேராயர் ஹீபர். 1826 ஏப்ரல் 3 காலை இவ்வாலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் வழிபாடு நடத்தினார். பின், தங்கியிருந்த இடத்திற்குத் திரும்பிக் குளிக்க நீரில் இறங்கியவர் உயிரோடு எழவில்லை. வயது 42. இன்று புத்தூரில் ஒரு கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எங்கள் ஊரிலும் ஒரு குளியல் கதை உண்டு. காவிரிக்குப் போன பேரன் ரங்கனை வெள்ளம் அடித்துச் செல்ல, பாட்டி கதறினாளாம். அரங்கனே பேரன் வடிவில் வந்து அவள் இட்ட சோற்றையும் மாவடுவையும் உண்டானாம். பிறகு உண்மைப் பேரனும் வீடு வந்து சேர்ந்தானாம். அதற்காகவே பங்குனித் திருவிழாவில் ஒருநாள் நம்பெருமாள் ஜீயபுரம் எழுந்தருள்கிறார்.

என் அண்ணனும் ஆடிப்பெருக்கிற்கு மறுநாள் குளிக்கப் போனவன்தான். திரும்பவில்லை. அப்பாயி மட்டும் ஆண்டு தவறாமல் மாவடுச் சாடியுடன் மண்டபத்திற்குப் போகிறாள். "சாமிக்கா அப்பாயி?" என்று ஒருமுறை கேட்டேன். "ரங்கனுக்குடி" என்றாள். அண்ணன் பெயரும் அதுதான்.

ஹீபர் கதையை அவளிடம் சொன்னேன். "பொண்டாட்டி புள்ளைங்க?" என்றாள். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் கல்கத்தாவில் இருந்தார்கள் என்றேன். "அம்மாந்தூரத்துக்கு யாரு போயிச் சொன்னா?" என்று கேட்டுவிட்டு, அவரைப் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்றாள்.

ஒரு ஞாயிறு மாலை தூய யோவான் ஆலயத்திற்கு அழைத்துப் போனேன். செருப்பை வெளியே விட்டு வந்தாள். ஆங்கிலத்தில் பொறித்திருந்ததைத் தமிழில் சொன்னேன். எழுத்துகள்மேல் விரலை ஓட்டினாள்.

"நம்ம புள்ளைக்குப் பேரெழுத ஒரு கல்லுகூட வைக்கலியேடி."

கடைசி வண்டிக்கு நேரமாகிவிட்டது. அப்பாயி எழுந்திருக்கவில்லை. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.