பூனாகலையின் கீரைப் பாத்தி

பண்டாரவளையில் புகையிரதத்தை விட்டிறங்கிப் பூனாகலைக்குச் செல்லும் பஸ்ஸில் ஏறி அமர்ந்தால், சிறிது நேரத்திற்கெல்லாம் பட்டணத்தின் ஆரவாரம் பின்தங்கிவிடுகிறது. இருமருங்கும் தேயிலை. ஒரு வளைவில் மூடுபனி. அடுத்த வளைவில் பளிச்சென்ற வெயில். மலை சரேலென இறங்கும் தென்புறத்தே நின்று நோக்கினால், வெல்லவாயைப் பக்கத்துத் தாழ்நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கிறது. 1890ஆம் ஆண்டில் தம்பேதன்னையில் தொழிற்சாலை கண்ட தோமஸ் லிப்டன் அமர்ந்து தம் தோட்டங்களைக் கண்டு மகிழ்ந்ததாகச் சொல்லப்படும் குன்றின் உச்சியும் இந்த மலைத் தொடரில்தான் இருக்கிறது. ஆடி, ஆவணி மாதங்களில் வறண்டு வீசும் கச்சான் காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்ற அந்தத் தனி மணத்தைத் தருகிறது.

இந்த இயற்கை அழகைக் காண வருவோர் பலர். நான் சென்றதோ, ஒரு நண்பரின் இல்லத்தில் இரண்டு நாட்கள் தங்கி வரும் பொருட்டு. மலையின் வனப்பைவிட அவ்வீட்டு அடுப்படியே என் சிந்தையில் அதிகம் தங்கிவிட்டது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுகிறேன்.

விடியுமுன்னே லயத்தின் அடுப்புகள் புகையத் தொடங்கிவிட்டன. நண்பரின் தாயார் கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அருகே அம்மியில் தேங்காய்ச் சம்பல் அரைபட்டது. கேத்தலில் சாயம் கொதித்தது. நண்பரின் மனைவி கொழுந்தெடுக்க மலைக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. முகம் வெளுத்திருந்தது. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். கிளினிக்கில் இரத்தம் சோதித்து, இரத்தம் குறைவு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். கூடவே மருத்துவமாது வேறொன்றும் சொல்லிச் சென்றிருந்தார்: சாப்பாட்டோடு தேநீர் குடிக்க வேண்டாம்.

தாயாருக்கு இது சற்றும் பிடிக்கவில்லை.

“கேளுங்க தம்பி, தேத்தண்ணி இல்லாம ரொட்டி தொண்டையில எறங்குமா? இந்தத் தேயிலையிலதான் நாங்க பொறந்தோம், வளந்தோம். அதைக் குடிச்சா ரத்தம் கொறையுமாம்!” என்றார்.

“அத்தை அப்படித்தான் சொல்லுவாங்க. ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கோப்பை குடிப்பாங்க,” என்று மருமகள் சிரித்தார்.

வாசகர்களே, அந்தத் தாயாரின் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. தேநீர் நஞ்சன்று. ஆனால் மருத்துவமாது சொன்னதும் பொய்யன்று. கீரை, தானியம், பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்து, உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளும் வகையைச் சார்ந்ததன்று. தேநீருக்குத் துவர்ப்பைத் தரும் பொருள்கள் அச்சத்தைக் குடலிலேயே பற்றிக்கொண்டு, இரத்தத்தில் சேரவொட்டாமல் தடுத்துவிடுகின்றன. 1975ஆம் ஆண்டில் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் அந்நாட்டில் வாழும் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் இதனைச் சோதித்தனர். சோற்றுணவோடு தேநீரும் அருந்தியபோது, உடலில் சேரும் இரும்புச் சத்து வெகுவாகக் குறைந்தது. நம்மைப் போலவே கடல் கடந்து தோட்டங்களுக்குச் சென்றோரின் வழித்தோன்றல்களிடமே இவ்வுண்மை வெளிப்பட்டதென்பது நினைக்கத்தக்கது.

அப்படியானால் தேநீரை அறவே கைவிடுவதா? வேண்டுவதில்லை. உண்ட பின் ஒரு மணி நேரம் கழித்து அருந்தினால் அதன் தடை பெரிதும் குறைந்துவிடுகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே கோப்பையைத் துறக்க வேண்டியதில்லை. கோப்பையின் நேரத்தை மாற்றினால் போதும்.

இதை நான் எடுத்துரைத்தபோது தாயார் மறுமொழி கூறவில்லை. சற்று நேரம் கழித்து, “வாங்க தம்பி,” என்று என்னைப் பின்புறம் அழைத்துச் சென்றார். பீலியிலிருந்து வழியும் நீர் ஓடும் ஓரத்தில், ஒரு பாய் விரிக்கும் அளவே உள்ள நிலத்தில், வல்லாரை படர்ந்திருந்தது. அதையடுத்துப் பொன்னாங்கண்ணி. வேலியோரத்தில் ஒரு கொய்யா மரம். மூலையில் நான்கு மரவள்ளித் தடிகள்.

“எனக்குப் பத்துப் பன்னெண்டு வயசு. எழுபத்து மூணு, எழுபத்து நாலுப் பஞ்சம். அரிசியும் கெடையாது, மாவும் கெடையாது. மரவள்ளியும் எலையுந்தான் எங்களைக் காப்பாத்துச்சு,” என்றார்.

அவர் குறிப்பிட்ட பஞ்சம் வரலாற்றில் பதிவானது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு நாட்டைப் பீடித்தபோது, தோட்டங்களில் மரண விகிதம் கடுமையாக உயர்ந்தது. 2022ஆம் ஆண்டில் பொருளாதார நெருக்கடி மூண்டு கோதுமை மாவின் விலை எட்டாத உயரத்திற்கு ஏறியபோதும், முதலில் தவித்தவை ரொட்டியையே நம்பியிருந்த லயத்து அடுப்புகள்தாம். நம் முன்னோர் தமிழகத்தின் வறண்ட சீமைகளிலிருந்து வந்தபோது கம்பும் கேழ்வரகும் சாமையும் உண்டு பழகியவர்கள். கேழ்வரகை இங்கே குரக்கன் என்போம். ஊவாவின் சேனைகளில் அது நெடுங்காலமாக விளைந்துவரும் தானியம். நூறு கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் இருப்பதோ அதில் மிகச் சிறு பங்கு. இத்தகைய தானியங்களின் இடத்தைத்தான் வெள்ளை மா பிடித்துக்கொண்டது.

இதன் விளைவைக் கணக்குகளில் காணலாம். 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப் பகுதிகளிலோ நூற்றுக்கு ஏறத்தாழ முப்பத்திரண்டு பேர். வறுமையும் குறைந்த கூலியும் வீட்டுவசதிக் குறைவும் இதற்குக் காரணங்கள். கீரைப் பாத்தி ஒன்றால் இவை தீர்ந்துவிடும் என்று சொல்வது பொய்யாகும். ஆயினும் தாயின் இரத்தம் வயிற்றிலுள்ள சிசுவின் வளர்ச்சியோடு பிணைந்தது. அதைப் பேணும் வழிகளில் சில நம் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன.

அன்று மதியம் தாயார் வல்லாரைச் சம்பல் செய்தார். இலையை இரண்டு மூன்று முறை நன்றாகக் கழுவிப் பொடியாக அரிந்தார். துருவிய தேங்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, சிறிது மாசித் தூள் ஆகியவற்றைச் சேர்த்தார். இறுதியில் ஒரு தேசிக்காயைப் பிழிந்து பிசறினார். இந்த எளிய சம்பலில் நம் மூத்தோரின் அனுபவ ஞானம் அடங்கியிருக்கிறது. தேசிப்புளியிலுள்ள ‘சி’ உயிர்ச்சத்து கீரையின் இரும்பை உடலில் சேர்க்கும் துணைவன். மாசியும் அவ்வாறே உதவுகிறது. தேநீர் பூட்டுகிற கதவைத் தேசிக்காய் திறக்கிறது எனலாம். அவ்வுயிர்ச்சத்து சூட்டில் அழியக்கூடியது. ஆதலின் கீரைச் சுண்டலாயினும் பருப்பாயினும், அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே தேசிப்புளி விட வேண்டும்.

கொய்யாவையும் மறத்தலாகாது. அதே எடையுள்ள தோடம்பழத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு ‘சி’ உயிர்ச்சத்து அதில் உண்டு. காசு கொடுத்து வாங்கும் பழமே சிறந்ததென்று எண்ணி, வேலியோரத்துக் கனியைப் பறவைகளுக்கு விட்டுவிடுகிறோம்! அயலிலுள்ள சிங்களக் கிராமங்களில் அரிசியோடு இலைச்சாறும் தேங்காய்ப்பாலும் கலந்து காய்ச்சும் இலைக்கஞ்சியும் காலை உணவுக்கு நல்லது.

சில எச்சரிக்கைகளையும் சொல்லுதல் கடமை. களைநாசினி தெளித்த மலையோரங்களில் கீரை பறித்தல் கூடாது. மரவள்ளியைத் தோலுரித்து, பாத்திரத்தை மூடாமல் நன்றாக அவித்து, அந்நீரை வடித்துவிட வேண்டும். அதிலுள்ள நச்சுப்பொருள் அவ்வாறே நீங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கீரை உண்கிறோமென்று கிளினிக்கில் தந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. கர்ப்பிணியின் இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருப்பின் அது சோகையாகும்; அந்நிலையில் உணவு துணை செய்யுமேயன்றி மருந்துக்கு ஈடாகாது. இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவதும் பயனைக் குறைக்கும். தேசிக்காய்த் தண்ணீரோடு உட்கொள்வதே நன்று. கல்சியம் மாத்திரையை அதனோடு சேர்க்காமல் வேறு வேளையில் உட்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை நான் புறப்படும் வேளை. அடுப்பில் குரக்கன் மாவும் கோதுமை மாவும் கலந்த ரொட்டி வெந்துகொண்டிருந்தது. மருமகளின் தட்டில் வல்லாரைச் சம்பலும் பாதிக் கொய்யாவும் இருந்தன. கேத்தல் அடுப்போரத்தில் ஒதுங்கி நின்றது. தாயார் சாயத்தை ஒரு போத்தலில் ஊற்றி, மருமகளின் பையில் வைத்தார்.

“மலையில போயி எடவேளைக்குக் குடி. இப்ப வேணாம்,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “நான் மட்டும் இப்பவே குடிப்பேன் தம்பி, எனக்கு என்ன புள்ளையா பொறக்கப் போவுது?” என்று சிரித்தார்.

பஸ் வளைவில் திரும்பியபோது, பனி விலகிய மலைச்சரிவில் கொழுந்தெடுக்கும் பெண்கள் நிரையாக நின்றனர். உலகத்தாரின் களைப்பைப் போக்கும் இலையைப் பறிக்கும் கைகள் அவை. அக்கைகளில் இரத்தம் குறையாமலிருக்க வேண்டும். அதற்கு நியாயமான கூலியும் உறுதியான வீடும் வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறுவோம். அதுவரையிலும், அதன் பின்னரும், வாசலோரத்தில் ஒரு பாயளவு நிலமிருந்தால் அதில் கீரை நடுவோம். தேநீர்க் கோப்பையை ஒரு மணி நேரம் காத்திருக்கச் செய்வோம்.