ஆறு கம்பி கேட்ட மனுஷன்

பேஸ் கிடாருக்கு ஏன் நாலே நாலு கம்பி?

வாசிக்கிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். 1974-ல் நியூயார்க்கில் ஒருவர் மட்டும் அந்தப் பதிலில் திருப்தி அடையவில்லை. கிடார் செய்கிறவர்களிடம் போய், "எனக்கு ஆறு கம்பியில் ஒரு பேஸ் வேண்டும், செய்து தருவீர்களா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். பெயர் ஆன்டனி ஜாக்சன். பிறந்தது 1952-ல். அப்படியானால் வயது இருபத்திரண்டுதான். கிட்டத்தட்ட காலேஜ் முடிக்கிற வயசு!

சும்மா ஆசைக்குக் கேட்ட சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். ஓ'ஜேஸ் குழுவின் 'ஃபார் தி லவ் ஆஃப் மணி' (1973) பாட்டு பேஸிலேயே தொடங்குமே, அது ஜாக்சன் வாசித்தது. அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவராகவும் அவர் பெயர் இருக்கிறது. காமர்ஸ் மாணவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய பாட்டு, தலைப்பே பணத்தைப் பற்றியது :-)

சரி, விஷயம் இதுதான். கடையில் இல்லாத ஒரு பொருளை, உலகத்திலேயே இல்லாத ஒரு பொருளை, தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் சொல்லிச் செய்ய வைப்பது எப்படிப்பட்ட வியாபாரம்? ஜாக்சனின் கதை அதற்கு நல்ல பாடம்.

முதலில் நாலு கம்பி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. டபுள் பேஸில் நாலு கம்பி. அதனால் இதிலும் நாலு. சுருதியும் அதே ஈ, ஏ, டி, ஜி. ஆனால் உருவம்? தோளில் மாட்டுவது, ஃப்ரெட் வைத்தது, பிக்கப் வைத்தது எல்லாமே கிடார் மாதிரி. ஜாக்சன் பிடித்த பிடி இதுதான். இது கிடார் குடும்பத்தின் கடைக்குட்டிக் குரல் என்றால், கிடாருக்கு ஆறு இருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் நாலு?

அதற்கு முன்பு ஆறு கம்பி பேஸே கிடையாதா என்றால், உண்டு. டேன்எலெக்ட்ரோ 1956-லேயே ஒன்று செய்தது. ஃபெண்டரும் 1961-ல் 'பேஸ் சிக்ஸ்' என்று ஒன்றை விட்டது. ஆனால் அவை சாதாரண கிடாரை அப்படியே ஒரு ஸ்தாயி கீழே இறக்கியவை. அடிக் கம்பி அதே ஈ-தான். ஜாக்சன் கேட்டது வேறு. ஈ-க்குக் கீழே ஒரு பி, ஜி-க்கு மேலே ஒரு சி. பி, ஈ, ஏ, டி, ஜி, சி. அதற்கு 'காண்ட்ராபேஸ் கிடார்' என்று பெயரும் வைத்துக்கொண்டார்.

கீழே ஒரு கம்பி சேர்ப்பது அவ்வளவு பெரிய விஷயமா? கணக்குப் போட்டால் தெரியும். நாலு கம்பி பேஸில் அடிக் கம்பி வினாடிக்கு சுமார் 41 தடவை அதிர்கிறது. பி கம்பி சுமார் 31 தடவை. இருக்கிற கம்பியையே தளர்த்தி அவ்வளவு கீழே இறக்கினால் அது துணி காயப்போடும் கொடி மாதிரி தொளதொளவென்று ஆடும். அப்படியானால் கம்பியைத் தடிமனாக்க வேண்டும், அல்லது நீளமாக்க வேண்டும், அல்லது இரண்டும். நீளமாக்கினால் நெக் நீளும். கம்பி கூடினால் நெக் அகலமாகும். அத்தனை இழுவையையும் அந்த மரம் வளையாமல் தாங்கியாக வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஆடுகிறது. பெரிய தொழிற்சாலைக்குப் போய் "எனக்காக இதை மாற்றுங்கள்" என்றால் வேலைக்கு ஆகுமா?

இந்த இடத்தில்தான் லூதியர் வருகிறார். கிடார், வயலின் மாதிரி கம்பி வாத்தியங்களைக் கையால் செய்கிறவருக்கு மேலை நாடுகளில் அந்தப் பெயர். ரெடிமேட் கடைக்கும் தெருமுனைத் தையல்காரருக்கும் இருக்கிற வித்தியாசம்தான் தொழிற்சாலைக்கும் லூதியருக்கும். ரெடிமேட் சட்டை யாருக்கும் அளவெடுக்காமல் எல்லோருக்கும் சுமாராகப் பொருந்தும். தையல்காரர் ஒரு உடம்புக்காகத் தைப்பார். ஆனால் ஒரு சிக்கல். தையல்காரர் ஏற்கெனவே ஆயிரம் சட்டை தைத்தவர். ஜாக்சன் கேட்டதோ இதுவரை யாரும் தைக்காத சட்டை!

அதைச் செய்ய ஒப்புக்கொண்டவர் நியூயார்க்கில் பட்டறை வைத்திருந்த கார்ல் தாம்ஸன். பின்னாளில் ப்ரைமஸ் குழுவின் லெஸ் க்ளேபூல் கையில் பிரபலமான விசித்திர வடிவ பேஸ்கள் எல்லாம் இவர் செய்தவைதான். இந்த ஆறு கம்பி யோசனையில் தாம்ஸனுக்கு முழு நம்பிக்கை இருக்கவில்லை. இருந்தாலும் செய்தார். 1975-ல் முதல் காண்ட்ராபேஸ் கிடார் பிறந்தது.

சினிமாவாக இருந்தால் இங்கே பின்னணி இசை வந்து படம் முடிந்திருக்கும். நிஜத்தில் என்ன ஆனது தெரியுமா? கம்பிகளுக்கு நடுவே இருந்த இடைவெளி ஜாக்சனுக்குப் போதவில்லை. நாலு கம்பி பேஸில் பழகிய விரல்களுக்கு அது நெருக்கடியாக இருந்தது.

இது சின்னக் குறை மாதிரித் தெரியும். கணக்கைப் பாருங்கள். ஃபெண்டர் பாணி பேஸில் பிரிட்ஜ் அருகே ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் சுமார் 19 மில்லிமீட்டர். நாலு கம்பிக்கு மூன்று இடைவெளி, மொத்தம் 57. அதே இடைவெளியை ஆறு கம்பிக்குக் கொடுத்தால் ஐந்து இடைவெளி, 95 மில்லிமீட்டர்! நெக் கிட்டத்தட்ட ஒரு பலகை மாதிரி ஆகிவிடும். இதுவரை யாரும் பிடித்தே பார்க்காத அகலம். இடது கை விரல் எட்டுமா என்று எந்தத் தொழிலாளியும் யோசிக்கத்தான் செய்வார். இடைவெளியைக் குறைத்தால் இடது கைக்கு சுகம், அகலமாக்கினால் வலது கைக்கு சுகம். எது சரி என்று செய்து, கையில் எடுத்து, வாசித்துப் பார்த்தால்தான் தெரியும். அதாவது, சரியானது எது என்று தெரிந்துகொள்ளவே தவறான ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும்.

காஸ்ட் அக்கவுண்ட்ஸில் ஜாப் காஸ்டிங் என்று ஒரு பாடம் வரும். ஆர்டருக்கு ஆர்டர் தனித்தனி ஜாப் கார்டு, அதில் மரம், கூலி, மேல்செலவு. தேர்வுக் கணக்குகளில் எல்லாம் அந்த ஜாப் ஒழுங்காக முடிந்து, லாப சதவீதம் சேர்த்து, விலை போட்டு முடிந்துவிடும். நிஜத்தில் 'முதல் தடவை' என்கிற செலவு ஒன்று இருக்கிறது. ஆயிரம் உருப்படி செய்கிற தொழிற்சாலையில் அது ஆயிரமாகப் பிரிந்து யாருக்கும் வலிக்காமல் போய்விடும். ஒரே ஒரு உருப்படி செய்கிற பட்டறையில்? கொஞ்சம் வாங்குகிறவர் தலையில், கொஞ்சம் செய்கிறவர் தலையில். வேறு தலையே கிடையாது.

அப்படியானால் பிசகினால் யார் பொறுப்பு? மெர்க்கண்டைல் லா படித்தவர்களுக்கு 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம் ஞாபகம் வரும். (ஜாக்சன் கதை அமெரிக்காவில் நடந்தது. ஆனாலும் யோசித்துப் பார்க்க இது உதவும்.) அதன் 16-வது பிரிவு என்ன சொல்கிறது? வாங்குகிறவர் தன் தேவையைச் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். "எனக்கு நல்ல பேஸ் ஒன்று செய்து கொடுங்கள்" என்று பொறுப்பை விட்டுவிட்டால் இந்தப் பிரிவு கைகொடுக்கும். "ஆறு கம்பி, இந்தச் சுருதி, இப்படித்தான்" என்று யோசனையே வாங்குகிறவருடையது என்றால்? அளவு சொன்னபடி இல்லாவிட்டால் செய்தவர் பொறுப்பு. சொன்னபடியே இருந்தும் கைக்கு ஒத்துவராவிட்டால் சொன்னவர் பொறுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு பேருமே காகிதத்தில் எழுத மறந்த விஷயங்கள் என்று ஒரு பெரிய மைதானம் கிடக்கிறது. கைவேலை ஆர்டர்களில் சண்டை வருவது பெரும்பாலும் அந்த மைதானத்தில்தான்.

ஜாக்சன் சண்டைக்குப் போய் யோசனையைக் கைவிட்டிருக்கலாம். "ஆறு கம்பி சரிப்பட்டு வராது" என்று முடிவு கட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. தப்பு யோசனையில் இல்லை, இடைவெளியில் என்று பிரித்துப் பார்த்தார். 'பிடிக்கவில்லை' என்பதற்கும் 'இந்த இடத்தில் இத்தனை போதவில்லை' என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! முதலாவதை வைத்துக்கொண்டு எந்தத் தொழிலாளியும் எதுவும் செய்ய முடியாது. இரண்டாவது, அடுத்த வாத்தியத்துக்கான அளவு.

1980-களின் தொடக்கத்தில் கென் ஸ்மித் அவருக்கு ஆறு கம்பி பேஸ் செய்து கொடுத்தார். அங்கே இடைவெளி அகலமாகத் தொடங்கியது. ஜாக்சன் நாலு கம்பியை விட்டுவிட்டு ஆறு கம்பிக்கே முழுதாக மாறியதும் அந்தக் காலத்தில்தான். பிறகு வின்னி ஃபொடேரா. ஸ்மித்தின் பேஸ்களில் கைவேலை செய்து பழகிய இவர், ஜோயி லாரிசெல்லாவோடு சேர்ந்து 1983-ல் புரூக்ளினில் ஃபொடேரா கம்பெனியைத் தொடங்கினார். அங்கே ஜாக்சனுக்காக ஒன்றல்ல, வருஷக்கணக்காக ஒன்றன்பின் ஒன்றாகக் காண்ட்ராபேஸ் கிடார்கள் செய்யப்பட்டன. ஒவ்வொன்றும் முந்தையதற்கு ஒரு பதில்.

கம்பியின் நீளம், வழக்கமான 34 அங்குலத்திலிருந்து 36 அங்குலமானது. இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். அதே கம்பியை அதே சுருதியில் வைத்து நீளத்தை மட்டும் இவ்வளவு கூட்டினால் இழுவை சுமார் 12 சதவீதம் கூடும். தொளதொளத்த பி கம்பிக்கு அது பெரிய ஊட்டச்சத்து. பிறகு உடம்பின் மேல்பக்க வெட்டை எடுத்துவிட்டு, நெக் உடம்போடு நீளமாக ஒட்டியிருக்கும்படி செய்தார்கள். கடைசியில் இன்னும் ஒரு படி மேலே போய், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களையே எடுத்துவிட்டார்கள்! ஒரே ஒரு பிக்கப், அதிலிருந்து நேராக வயர் சொருகும் ஜாக். அவ்வளவுதான். நடுவில் எதுவும் சத்தத்தைக் கெடுக்கக் கூடாது என்ற பிடிவாதம். குமிழே இல்லாத பேஸைக் கடையில் வைத்தால் யார் வாங்குவார்கள்? ஒருவர் வாங்குவார். அவருக்காகத்தானே செய்தது!

இதிலிருந்து, சொல்லிச் செய்ய வைக்க நினைப்பவர்களுக்கு, அது பேஸ் கிடாரோ, வீணையோ, வீட்டுக் கதவோ, சில விஷயங்கள் கிடைக்கின்றன. மரம் என்ன நிறம் என்பதைக் கடைசியில் பேசலாம். முதலில் பேச வேண்டியது கை படுகிற இடங்களை: கம்பி நீளம், இடைவெளி, நெக்கின் அகலமும் கனமும், எடை. ஏற்கெனவே கைக்குப் பழகிய வாத்தியத்தை எடுத்துப்போய் ஸ்கேல் வைத்து அளந்து கொடுப்பது ஆயிரம் வார்த்தை பேசுவதைவிட மேல். அட்வான்ஸ் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் போய்ப் பார்க்கலாம், எது வரைக்கும் மாற்றச் சொல்லலாம், எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக, திரும்ப விற்றால் போட்ட காசு வருமா என்று கேட்கிறவர் கடைக்குப் போவதே நல்லது. ஒரு கைக்காகச் செய்தது இன்னொரு கைக்கு எப்போதும் கொஞ்சம் இடறும்.

ஆனால் இந்தக் கதையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஜாக்சனின் கையில் அந்த வாத்தியத்தைக் கேட்ட பிறகு மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். ஜான் பாட்டிடுச்சி ஆறு கம்பிக்கு வந்தார். அவர் பெயரிலேயே யமஹா ஒரு ஆறு கம்பி பேஸை வெளியிட்டது. ஐபனெஸ் போன்ற கம்பெனிகளும் செய்யத் தொடங்கின. இன்று பெரிய இசைக்கருவிக் கடைகளில் ஆறு கம்பி பேஸ் சர்வ சாதாரணமாகத் தொங்குகிறது. பி கம்பியும் பாக்கெட்டில் கிடைக்கிறது. பெரிய கம்பெனிகள் செய்ய வேண்டிய ஆராய்ச்சியை ஒரு வாடிக்கையாளரும் சில பட்டறைக்காரர்களும் தங்கள் கைக்காசிலும் பொறுமையிலும் செய்து முடித்துவிட்டார்கள்.

இப்போது கடைக்குப் போய் அப்படி ஒன்றை எடுத்து மாட்டிப் பார்க்கிறவருக்கு அரை மணி நேரத்தில் பில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதில் மரத்துக்கும் கூலிக்கும் வரிக்கும் கணக்கு இருக்கும். 1975-ல் இடைவெளி போதாமல் போன அந்த முதல் பேஸுக்கான செலவு மட்டும் எந்த பில்லிலும் வராது. அதை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.