ஒளி காட்டும் இல்லம்

கீழ்த்திசை ஞானியரை நாம் நினைவுகூரும் மூவரசர் திருநாளாம் ஜனவரி 6ஆம் நாளன்று, 1986ஆம் ஆண்டில், ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கிக்கு வானியலறிஞர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. சூட்டியவர் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி. 1991 மே 21 இரவில் அவர் உயிர் நீத்தது நமது ஸ்ரீபெரும்புதூர் மண்ணில். அவருடைய நினைவிடத்தை நாம் அறிவோம். காவலூரை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

அங்கு ஒளியைக் காண்பதோடு நில்லாது, அதனைப் பகுத்தும் ஆராய்கின்றனர். பகுத்த ஒளியே நிறமாலை. ஒவ்வொரு தனிமமும் அதில் தனக்குரிய கோடுகளைப் பதிக்கின்றது. 19ஆம் நூற்றாண்டில் இயேசு சபைக் குரு ஆஞ்சலோ செக்கி, உரோமையிலிருந்து 4000க்கும் மேற்பட்ட விண்மீன்களை இவ்வாறே வகைப்படுத்தினார்.

1963இல் மார்ட்டன் ஷ்மிட் என்னும் அறிஞர், 3சி 273 என்று குறிக்கப்பட்ட ஒளிப்புள்ளியின் நிறமாலையை ஆராய்ந்தார். எவருக்கும் விளங்காதிருந்த அக்கோடுகள் நாமறிந்த ஹைட்ரஜனுடையவையே. சிவப்புப் பக்கமாக ஏறத்தாழ 16 விழுக்காடு நகர்ந்திருந்தன. விண்மீனெனத் தோன்றிய அப்புள்ளியின் ஒளி, ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது! இத்தகையவற்றுக்குக் குவேசார் என்று பெயர். பெருங்கருந்துளையொன்றில் வீழும் பொருள் கொதித்து வீசும் ஒளியே இது.

குவேசார் தனித்திருப்பதன்று. அதற்கும் ஓர் இல்லம் உண்டு. கோடானுகோடி விண்மீன்கள் கூடிய திரள் அது. ஆயினும் நடுவிலுள்ள பேரொளி அவ்வில்லத்தை மறைத்துவிடுகின்றது. 1982இல் போரோசன், ஓக் என்னும் இருவர், 3சி 48 என்ற குவேசாரின் நடுப்புள்ளியை விலக்கி, அருகே மங்கலாய்ப் படர்ந்திருந்த ஒளியை மட்டும் பகுத்தனர். அதில் விண்மீன்களுக்குரிய கருங்கோடுகள் தெரிந்தன. கண்ணைக் கூசவைத்ததினின்று சற்றே விலகியபோதுதான் இல்லம் புலப்பட்டது.

இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை இரவெல்லாம் ஒளிரும் ஆலைகளைக் காணும்போது இவ்வுண்மை நம் நெஞ்சைத் தொடுகின்றது. இங்கு உருவாகும் வாகனங்களின் எண்ணிக்கையை உலகம் அறியும். அவற்றை உருவாக்கும் இளைஞர், தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து, வாடகை அறையொன்றில் பலராய்த் தங்கி, இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குகின்றனர். ஞாயிறு திருப்பலியில் சீருடையோடு கடைசி வரிசையில் நிற்கும் மகனை, ‘கம்பெனிப் பையன்’ என்றே நாம் அழைக்கின்றோம். அவன் எவ்வூரான்? உண்டானா? ஊரில் அவன் அனுப்பும் பணத்தை எதிர்நோக்குவோர் யார்? ஆலையின் பேரொளியில் இவை மறைந்துபோகின்றன.

ஞானியர் விண்மீனை வியந்ததோடு நின்றுவிடவில்லை. அது நின்ற இடத்தில் வீட்டினுள் நுழைந்தனர். அங்கே தாயையும் சேயையும் கண்டனர். நமது அன்பியங்களும் இத்திருநாளிலேனும் அவ்வாடகை அறைகளின் கதவைத் தட்டட்டும். பகலுறக்கம் கலையாத வேளை பார்த்து, மெல்லத் தட்டட்டும்.