பத்தாவது நாள் திருச்சிக்கு வாங்க!

திருச்சின்னா மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், முக்கொம்பு. எல்லாரும் சுத்திப் பார்க்கிற ஊர்தான். ஒரு தடவை வெள்ளம் போன வழியிலேயே போய்ப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ், இது வேற ஊராத் தெரியும்.

சத்திரத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி டிக்கெட் எடுக்கிறதுக்குள்ள காவிரிப் பாலம் வந்துடும். தாண்டினா தீவு! ஆமாங்க, ஸ்ரீரங்கம் ஒரு ஆற்றுத் தீவு. முக்கொம்பில் ஆறு ரெண்டாப் பிரிஞ்சு தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். காவிரி வயலுக்கு, கொள்ளிடம் வெள்ளத்துக்கு. அந்த வெள்ளம்தான் 2018 ஆகஸ்ட்டில் கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தை உடைச்சது. அதே மாசம் 22-ம் தேதி ராத்திரி முக்கொம்பு மேலணையில் 9 மதகுகளையும் அடிச்சுட்டுப் போச்சு.

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டுத் திறந்துவிடுற வெள்ளம், சொல்லிட்டு வர்ற விருந்தாளி. முன்கூட்டியே எச்சரிக்க நேரம் இருக்கும். தெற்கேயிருந்து வர்ற கோரையாறு அப்படியில்லை. 1977 நவம்பரிலும் 2005 நவம்பரிலும் கோரையாறு, குடமுருட்டி, உய்யக்கொண்டான் எல்லாம் சேர்ந்து ஊருக்குள்ளேயே புகுந்துடுச்சு.

வெள்ளம் வந்தா நம்ம காலேஜ் பசங்க சும்மா இருக்க மாட்டாங்க. சாப்பாட்டுப் பொட்டலம், பாய், போர்வைன்னு கிளம்பிடுவாங்க. பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாமும் நடக்கும். டி.டி. ஊசி, ஓ.ஆர்.எஸ்., சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு. எல்லாம் தேவைதான். ஆனா, எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள்ள போய்க் காய்ச்சலாத் தலைகாட்ட பெரும்பாலும் 5 முதல் 14 நாள் ஆகும். அதுக்குள்ள முகாம் பந்தலைப் பிரிச்சிருப்பாங்க! சர்க்கரை, பி.பி. மாத்திரையோட டாக்டர் சீட்டும் தண்ணியில போன பாட்டி, அடுத்த வாரம் யாரைக் கேட்பாங்க?

அடுத்து உறையூர். சேலைக்குப் பேர்போன ஊர். குழித்தறியில் நெசவாளர் காலைத் தொங்கவிட்டு உட்கார்றதே ஒரு பள்ளத்துலதான். வீட்டுக்குள்ள தண்ணி வந்தா முதல்ல நிறையறது அந்தக் குழி. பாவு நனைஞ்சா கூலி போச்சு. தறி காயுற வரைக்கும் அடுப்பு எப்படி எரியும்?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கிற உத்தமர்சீலியில் 2022 ஆகஸ்ட்டில் தரைப்பாலத்தைத் தாண்டி வந்த தண்ணி வாழைத் தோட்டங்களை மூழ்கடிச்சது. வாழைக்கு நாலு நாள் தண்ணி நின்னாலே வேர் அழுக ஆரம்பிச்சிடும். மறுபடி கன்று நட்டு, தார் வெட்ட ஏறக்குறைய ஒரு வருஷம். அதிலும் வாய்மொழிக் குத்தகைன்னா, கையில காகிதம் இல்லாம நிவாரணம் கேட்கவே திண்டாட்டம்.

அதனால என்.எஸ்.எஸ்., ரோட்டராக்ட் மக்களே, அடுத்த வெள்ளத்துக்கு உங்க டீமை ரெண்டாப் பிரிச்சுக்குங்க. முதல் டீம் மூணாம் நாளுக்கு, ரெண்டாவது டீம் பத்தாம் நாளுக்கு. பத்தாம் நாள் டீம் செய்ய வேண்டியது இதுதான். ஒரு டாக்டரோட வீடு வீடாப் போய் யாருக்குக் காய்ச்சல்னு கேளுங்க. தொலைஞ்ச மாத்திரைச் சீட்டைத் திரும்ப வாங்கிக் கொடுங்க. மனு எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதிக் கொடுங்க. இ.இ.இ. பசங்க பம்ப்செட் மோட்டாரைக் காயவெச்சு, இன்சுலேஷனை டெஸ்ட் பண்ணிக் கொடுக்கலாம். லேப்ல படிச்சது அங்கே உதவும்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு. தேங்கின தண்ணியில இறங்கப் போறீங்கன்னா, எலிக்காய்ச்சல் வராம இருக்க டாக்ஸிசைக்ளின் தேவையான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. பூட்ஸ் கட்டாயம். உதவப் போய் நீங்களே பெட்ல படுத்துடக் கூடாது, சரியா?